வேலை தேடும் நாளுக்குச் சாயங்காலம் எப்போது?

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் திருச்சிக்கு, அம்மாவைக் கூப்பிட்டேன். தம்பியிடம்தான் பேச வேண்டியிருந்தது. "அவன் இல்லடி. பேங்க்ல பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு, அப்படியே மில்லுல மாவு அரைச்சிட்டு வரச் சொன்னேன். சும்மாதான இருக்கான்" என்றார் அம்மா. தம்பிக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. போனை வைத்த பிறகும் அந்தச் 'சும்மாதான' காதிலேயே நின்றது. அம்மா அதை அன்பில்லாமல் சொல்லவில்லை. மகனுக்கு வேலை இல்லையே என்று ராத்திரியெல்லாம் விழித்திருப்பவர் அவர். இருந்தும் காலை பதினொரு மணிக்கு, வேலை தேடுகிறவனுக்கு நாளிலேயே முக்கியமான நேரத்தில், மாவு மில்லுக்கு அனுப்பியிருக்கிறார். இதே சொல்லை 2023இல் ஏழு மாதம் நானும் கேட்டேன். எனக்கு அது வேறு வடிவத்தில் வந்தது: "வீட்லதான இருக்க."

அந்த ஏழு மாதத்தைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. இப்போது தம்பிக்காகவாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. வேலை தேடும்போது நேரத்தை எப்படித் திட்டமிடுவது என்று யாரைக் கேட்டாலும் ஓர் அட்டவணை தருவார்கள். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இது, பதினொன்றிலிருந்து ஒன்று வரை அது. அட்டவணையில் தப்பில்லை. அந்த நேரம் முதலில் நம் கையில் இருக்கிறதா என்ற கேள்விதான் எங்குமே கேட்கப்படுவதில்லை.

நான் பதினோரு வருடம் மேனுவல் டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளைக் கையாலேயே சோதித்துப் பார்க்கும் வேலையில், இருந்தவள். ப்ராஜெக்ட் மூடியது, ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் 'பெஞ்ச்'சில் ஒரு மாதம், அப்புறம் ஒரு மீட்டிங் அறை, ராஜினாமாக் கடிதம், இரண்டு மாதச் சம்பளம். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வீட்டுக்கு வந்த முதல் திங்கட்கிழமையே எக்செல்லில் அட்டவணை போட்டேன். வண்ணம் எல்லாம் கொடுத்திருந்தேன். புதன்கிழமைக்குள் அது கலைந்துவிட்டது. நான் சோம்பேறியாக இருந்ததால் அல்ல. மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டில் பகல் நேரத்தில் ஆள் இருக்கும் வீடு எங்களுடையது என்று ஆகிப்போனது. மேல்வீட்டுக்காரர்களின் கூரியர் எங்களிடம் வந்தது. மோட்டார் போட வாட்ச்மேன் என்னைத்தான் கூப்பிட்டார். மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிரவுன் ஷீட்டிலிருந்து ஆண்டு விழா உடை வரைக்கும் நான்தான் பதில் சொன்னேன். என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை, கம்பெனி பஸ் பிடிக்கக் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்ததும் அக்கறையோடுதான் கேட்பார், "இன்னிக்கு எத்தனை அப்ளை பண்ணின?" நான் ஓர் எண்ணைச் சொல்வேன். பன்னிரண்டு. பதினாறு. ஒருநாள் முப்பது. அந்த எண்ணைத் தவிர அன்றைய பகலைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

## சிலிண்டரும் அழைப்பும்

மூன்றாவது மாதத்தில் ஒருநாள், நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அதே நேரம் கேஸ் சிலிண்டர்காரர் வாசலில். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடிபி எண்ணைத் தேடிக்கொண்டே, அந்தப் பெண் சொன்ன நிறுவனத்தின் பெயருக்கு "சரி, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். நாலு நாளுக்கு முன் வேறொரு கன்சல்டன்சிக்கும் அதே நிறுவனத்துக்கு இதே சரியைச் சொல்லியிருந்தேன். அது நினைவுக்கே வரவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே ஆளின் ரெஸ்யூமே இரண்டு கன்சல்டன்சி வழியாகப் போய்ச் சேர்ந்தால் அது டூப்ளிகேட் புரொஃபைல். கமிஷன் யாருக்கு என்ற சண்டை வேண்டாம் என்று பல இடங்களில் அந்த ஆளையே ஒதுக்கிவிடுவார்கள். என்னையும் ஒதுக்கினார்கள். அந்த வேலைக்கு நான் பொருத்தமானவள். பேங்கிங் டொமைன், என் பதினோரு வருடத்தில் ஏழு வருடம் அதில்தான். அன்று மத்தியானம் முழுக்க சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் மகளின் பழைய நாலுகோடு நோட்டு ஒன்றை எடுத்தேன். பின்பக்கம் பாதி வெறுமையாக இருந்தது. அரைமணிக்கு ஒரு வரி. என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை, என்ன செய்தேன் என்று மட்டும். ஐந்து நாள். மூன்றாம் நாள் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "10.00 – மாவு கரைத்தது, நௌக்ரி. 10.30 – நௌக்ரி, மோட்டார். 11.00 – கீழ்வீட்டு அக்கா, கொத்தமல்லி." நௌக்ரி என்பது வேலை தேடும் இணையதளம். அப்புறம் பதினொன்றரைக்கு நேராக ஒன்றுமே இல்லை. அந்த அரைமணி என்ன ஆனது என்று அன்றைக்கே எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டிப் பார்த்தேன். ஐந்து நாளில் வேலை தேடுவதற்குப் போன நேரம் மொத்தம் 9 மணி 40 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. நானோ ஆறு மணி நேரம் உழைப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அதைவிட என்னை உலுக்கியது வேறொரு கணக்கு. குறுக்கீடு இல்லாமல் தொடர்ச்சியாக நான் உட்கார்ந்த மிக நீண்ட நேரம் 25 நிமிடம். அந்த ஐந்து நாளில் 63 விண்ணப்பங்கள். 25 நிமிடத்துக்குள் அடங்கக்கூடிய காரியம் விண்ணப்பப் பொத்தானை அழுத்துவது மட்டும்தான் என்பதால் அதையே அறுபத்து மூன்று தடவை செய்திருக்கிறேன்.

## மரியென்தால் தெரு

இந்த நோட்டைப் பற்றி முன்னாள் சக ஊழியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒரு பழைய ஆய்வைப் படிக்கச் சொன்னார். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஓர் ஊர். ஊர் முழுக்க ஒரே நெசவாலையை நம்பியிருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடியது. பெரும்பாலான வீடுகளில் வேலை போயிற்று. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று சமூக ஆய்வாளர்களும் ஒரு குழுவோடு போய் அந்த ஊரைக் கவனித்து, ஆய்வை 1933இல் வெளியிட்டார்கள். ஊர்க்காரர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, மணிவாரியாக அன்று என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்த அதே காரியம், தொண்ணூறு வருடத்துக்கு முன்னால். ஓர் ஆள் பத்து முதல் பதினொன்று வரை என்ற இடத்தில் "அதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் என் பதினொன்றரை மணியின் வெற்றுக் கோடுதான் கண்முன் வந்தது.

அந்த ஊரின் நூலகத்தைப் பற்றிய தகவலும் என்னால் மறக்க முடியாதது. வேலை போன பிறகு எல்லோருக்கும் நேரம் நிறைய. நூலகக் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. ஆனாலும் எடுத்துப் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. நேரம் கூடக்கூடச் செய்வது கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அங்கே நேர்மாறாக நடந்தது. ஆய்வாளர்கள் கடிகாரத்தோடு ஒளிந்து நின்று, தெருவில் ஆண்களும் பெண்களும் நடக்கும் வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். பெண்கள் ஆண்களைவிட ஒன்றரை மடங்கு வேகமாக நடந்தார்கள். ஆண்கள் நின்று நின்று போனார்கள். பெண்களுக்கு அடுப்பும் குழந்தையும் துவைக்கிற துணியும் இருந்தன, அதனால் அவர்களுக்குச் சம்பளம்தான் போயிற்று, வேலை போகவில்லை என்கிறது ஆய்வு. இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். ஏனென்றால் அதே பெண்கள்தான், இத்தனை வீட்டு வேலைக்கு நடுவிலும், பணத்துக்காக மட்டுமல்ல, ஆலைக்குத் திரும்பப் போக முடிந்தால் போவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் வெறுமையாக இல்லை. நிரம்பி வழிந்தது. ஆனால் அது தங்களுடையதாக இல்லை. என் தம்பியின் பகல் மரியென்தால் ஆண்களின் பகல் மாதிரி கரைகிறது. என் பகல் அந்தப் பெண்களின் பகல் மாதிரி நிரம்பிப் போனது. இரண்டிலும் வேலை தேடுவதற்கென்று ஓர் இடம் இல்லை.

## பூ கட்டும் நேரம்

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்னம்மா, கணக்கு நோட்டா?" என்று கேட்டார். எதற்கென்று தெரியாமல் முழுவதையும் படித்துக் காட்டினேன். கொத்தமல்லி, மோட்டார், சிலிண்டர், எல்லாவற்றையும். பல வரிகளில் அவர் சொன்ன வேலைகளும் இருந்தன. அவருக்கு வருத்தமாகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் படித்தேன். அவர் கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் திண்டிவனத்தில் பூ கட்டிய காலத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

மாமா இறந்த பிறகு பதினாறு வருடம் கூலிக்குப் பூ கட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்டதில்லை. மத்தியானம் ஈரத் துணியில் மூட்டையாக மல்லி மொட்டு வரும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. நாலரைக்குப் பூக்காரர் சைக்கிளில் வந்துவிடுவார். "மொட்டு வாயைத் தொறந்துட்டா அப்புறம் கட்ட லாயக்கில்ல. அதுக்குள்ள கட்டி முடிச்சாகணும். வீட்டுக்கு ஒறமொற வந்தாக்கூட, அவ பூ கட்டுறான்னுட்டுத் திண்ணையில உக்காந்திருப்பாங்க. தண்ணி வேணும்னாலும் அவங்களே எடுத்துக் குடிப்பாங்க. ஒருத்தரும் என்னை எழுப்பினதில்ல" என்றார். இதைச் சொல்லும்போது அவருடைய வலதுகை விரல்கள் மடியில் தானாக அசைந்துகொண்டிருந்தன. பிறகு சொன்னார், "உன் வேலைக்கு அப்படி ஒரு சாயங்காலம் இல்லையேம்மா. மடியில பூவும் இல்ல. கம்ப்யூட்டரைத்தான் பாத்துட்டு இருக்க. எங்க கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

நான் எத்தனையோ காணொளிகளும் பதிவுகளும் பார்த்திருந்தேன். எதுவும் இதைச் சொல்லவில்லை. பூவுக்குச் சாயங்காலம் இருக்கிறது. ஆபீஸுக்கு மேனேஜர் இருக்கிறார், டெலிவரி தேதி இருக்கிறது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்குத் தேர்வுத் தேதி இருக்கிறது, அது ஆண்டுத் திட்டத்தில் முன்பே வந்துவிடுகிறது. வேலை தேடுகிறவளுக்கு எந்தத் தேதியும் இல்லை. இன்றைக்குச் செய்யாமல் விட்டால் இன்றைக்கு எதுவும் கெட்டுப்போகாது. அதனால்தான் வீட்டில் மற்ற எந்த வேலையும் அதைத் தள்ளிவிட முடிகிறது. மாவு புளித்துவிடும், மோட்டார் போடாவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். ரெஸ்யூமே அப்படியேதான் இருக்கும். சாயங்காலம் இல்லாததால் அது முடிவதும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு எந்த ஹெச்ஆரும் பதில் போடப் போவதில்லை.

திங்கட்கிழமை காலை அத்தை தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்திலிருந்து எடுத்து வந்து படுக்கையறைக் கதவுக்கு வெளியே போட்டார். "பத்துலேர்ந்து பன்னண்டரை. பூக்காரர் பன்னண்டரைக்கு வந்துடுவாரு" என்றார். கீழ்வீட்டு அக்கா வந்தபோது அத்தை சொன்னது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது, "அவளுக்கு வேலை இருக்கும்மா, மத்தியானம் வா." வீட்டில் இருக்கும் என்னைப் பற்றி யாராவது அப்படிச் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது.

## அந்த இரண்டரை மணி நேரம்

கிடைத்த நேரத்தில் என்ன செய்வது என்பதை நோட்டே சொல்லிவிட்டது. விண்ணப்பிப்பது அலுத்த மனதாலும் செய்யக்கூடிய வேலை. புதிதாக ஒன்றைக் கற்பது அப்படியல்ல. அதனால் முதல் ஒன்றரை மணி நேரம் படிப்புக்கு. மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரிந்தவர்களுக்கான இடங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன, எங்கே பார்த்தாலும் சோதனையைத் தானாக ஓடவைக்கும் செலினியம் என்ற கருவியும் ஜாவா என்ற நிரல்மொழியும் கேட்டார்கள். நான் கோடிங்கைப் பார்த்துப் பதினோரு வருடம் ஒதுங்கியிருந்தவள். காலையில், மூளை தெளிவாக இருக்கும்போதுதான் அதோடு உட்கார முடிந்தது. மீதி ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு விண்ணப்பம். அந்த வேலைக் குறிப்பை வரி வரியாகப் படித்து, என் அனுபவத்தில் அதற்குப் பொருந்துவதை ரெஸ்யூமேயில் மேலே கொண்டுவந்து, அந்த நிறுவனத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று லிங்க்ட்இன்னில் தேடி ஒரு செய்தி அனுப்புவது. அறுபத்து மூன்றுக்குப் பதிலாக வாரத்துக்கு ஐந்து. கணவரிடம், எத்தனை என்று கேட்காதீர்கள், இன்றைக்கு எது என்று கேளுங்கள் என்றேன். அவர் அன்றிலிருந்து அப்படியே கேட்டார்.

போன் மட்டும் எப்போதும் என்னோடு. தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுப்பேன், பக்கத்தில் நோட்டு திறந்திருக்கும். தேதி, பேசியவர் பெயர், கன்சல்டன்சி, எந்த நிறுவனத்துக்கு, நான் சொன்ன சம்பளம், அடுத்து எப்போது பேச வேண்டும். இந்த ஆறு கட்டம் போதும். ஒருவரிடம் ஒரு சம்பளமும் இன்னொருவரிடம் வேறு சம்பளமும் சொல்லி மாட்டிக்கொள்வது அதோடு நின்றது. 'அடுத்து எப்போது' என்ற கட்டத்தில் தேதி எழுதிவிட்டால் அந்தத் தேதி வரை அதை நினைக்க வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி. நௌக்ரியில் புரொஃபைலைத் தினமும் தொட்டுப் புதுப்பிப்பதற்கு ஐந்து நிமிடம். சமீபத்தில் வந்து போனவர்களை மட்டும் வடிகட்டித் தேடும் வசதி ஆள் எடுப்பவர்களுக்கு இருக்கிறது, அதனால் அந்த ஐந்து நிமிடத்தை விடக் கூடாது. மத்தியானம் மூன்று முதல் ஐந்து வரை வேண்டுமென்றே எதுவும் வைக்கவில்லை. ஐடியில் நிறையப் பேர் வேலையை விடுவதற்கு 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேலை இல்லாத நமக்கு இருக்கும் ஒரே பலம் உடனே சேர முடியும் என்பதுதான். அவசரமாக ஆள் வேண்டும் என்பவர்கள் இன்றைக்கே மூன்றரைக்கு இன்டர்வியூ என்பார்கள். அப்போது மகளின் டான்ஸ் கிளாஸ் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் காலை முழுவதையும் காகிதங்களுக்குக் கொடுத்தேன். ரிலீவிங் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளத்தில் வரி பிடித்ததற்கான ஃபார்ம் 16, பிஎஃப் கணக்கு. பிஎஃப் தளத்தில் நாம் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று எல்லோரும் பார்க்க வேண்டும். நிறுவனம் போடவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்து நாமே போடலாம். வேலை கிடைத்து, சரிபார்ப்பு நடக்கும் வாரத்தில் இதற்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவேன். பெண்களுக்கு வெள்ளை போர்டு பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பது அந்த மாதங்களில் எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சம்பளம் வாங்கும் காலத்தில் புரிந்திருக்காது. நம் சொந்தப் புத்தகத்தையும் லேப்டாப்பையும் வைத்துப் படிக்கும் பகுதியில் காலையிலேயே இடம் நிரம்பிவிடும். பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம்கூட அவர்களுக்கு ஒன்றாக வந்தது. ஒரு கூட்டத்தோடு சேர்ந்து எழுந்து, சேர்ந்து உட்கார்ந்தது அத்தனை நாளுக்குப் பிறகு எனக்கு ஆபீஸ் போய் வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். "கட்டியாச்சா?" என்று அத்தை கேட்பார். கட்டியாச்சு என்பேன்.

நவம்பரில் வேலை கிடைத்தது. இந்த மணிக்கணக்கால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். நான் செய்தி அனுப்பிய பழைய சக ஊழியர் ஒருவர் சொன்ன இடம் அது, சந்தை கொஞ்சம் அசைந்த நேரம். ஆனால் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைக்குமான ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். ஏப்ரல் முதல் ஜூலை வரை என் நினைவில் அடுப்படிதான் இருக்கிறது. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார ஆள் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். கைக்குழந்தையோடு வேலை தேடும் ஒருத்திக்கு இரண்டரை மணி நேரம் என்று நான் எப்படிச் சொல்வேன்? முக்கால் மணி நேரமானாலும் சரி, அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி தம்பி கூப்பிட்டான். "அக்கா, நாள் எங்க போகுதுன்னே தெரியல" என்றான். நோட்டைப் பற்றிச் சொன்னேன், சரி என்றான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன். மகள் சொன்னால் குறை சொல்வது போல ஆகிவிடும். அத்தை கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். "சம்பந்தி, நல்லாருக்கீங்களா?" என்று தொடங்கி, பால்கனிக்குப் போய் அரைமணி நேரம் பேசினார். திண்டிவனம், மல்லி, சைக்கிள் என்று சொற்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காதில் விழுந்தன.

நேற்றுக் காலை பதினொன்றே காலுக்குத் திருச்சிக்குக் கூப்பிட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் பேசுடி, உள்ள இருக்கான்" என்றார். பின்னால் மாவு மில் ஓடும் சத்தம் கேட்டது. "எங்கம்மா இருக்க?" என்றேன். மில்லில் நின்றுகொண்டிருந்தார். தம்பி இருந்ததோ மூன்று தெரு தள்ளி வீட்டில். ஆனாலும் போனை வைக்கும் வரை அம்மா மெதுவாகவே பேசினார்.